ஊர் கூடி வீடு கட்டணும்னா மொதல்ல நிலம் யார் பேர்லன்னு பேசுங்க

கம்மி விலையில வீடு கட்டுறது அவ்ளோ பெரிய வித்தை இல்லீங்க. சின்னதா கட்டலாம், செவத்துக்குப் பூச்சு இல்லாம விடலாம், ஊருக்கு வெளிய தள்ளிக் கட்டலாம், எப்படியாச்சும் விலைய இழுத்துக் கீழ கொண்டு வந்துடலாம். ஆனா அதே வீடு பதினஞ்சு வருஷம் கழிச்சும் அதே மாதிரி வருமானம் இருக்கிற இன்னொரு குடும்பத்துக்குக் கைக்கு எட்டுற விலையில இருக்கணும்ல, அங்கதான் முக்கால்வாசி பேர் கோட்டை விடறாங்க. ரிப்பன் வெட்டி சாவி குடுத்து போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க, அஞ்சாறு வருஷத்துல பாதி வீடு கைமாறி, வாங்கினவன் வாடகைக்கு விட்டு, மறுபடியும் பழைய கதைதான்.

அதனால பல குடும்பமும் அமைப்பும் சேர்ந்து கம்மி விலை வீடு கட்டுறதப் பத்தி இங்க நான் சொல்லப் போறதுல பாதிக்கு மேல நிலம், பத்திரம், யார் எதுக்குப் பொறுப்பு இதப் பத்திதான் இருக்கும். செங்கல் சிமெண்ட்டெல்லாம் பின்னாடி வரும். இந்த மாதிரி வீடு கட்டுற சில கமிட்டில உக்காந்து, சிலதுல சண்டை போட்டு வெளிய வந்து கத்துக்கிட்டது, அதனால அங்கங்க கொஞ்சம் காரமா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

ஆளு மொதல்ல, மனை அப்புறம்

நிறைய பேர் மனை கிடைச்சதும் ஆள் தேடுவாங்க. அது தலைகீழ். மனை கிடைச்சிடுச்சுன்னு தெரிஞ்சதும் வர்ற கூட்டம் வேற, ஒண்ணுமே இல்லாதப்ப மாசாமாசம் வந்து உக்கார்ற கூட்டம் வேற. உங்களுக்கு ரெண்டாவது கூட்டம்தான் வேணும். அதுக்கு ஒரே வழி, சேமிப்புக் குழு. மாசம் ஒரு தொகை, ரொம்ப சின்னதா இருந்தாலும் பரவால்ல, எல்லாரும் ஒரே நாள்ல கட்டணும், கணக்கை சத்தமா படிக்கணும், யார் கட்டல ஏன் கட்டலன்னு குழுவுக்குத் தெரியணும். தாய்லாந்துல 2003-ல ஆரம்பிச்ச பான் மன்கோங் திட்டத்துல இதையே விதியா வச்சிருக்காங்க, குடிசைப் பகுதி மக்கள் கூட்டுறவா சேர்ந்து, வாங்கப் போற கடன்ல 10 சதவீதம் முதல்ல சேமிச்சுக் காட்டணும், கடனும் தனித்தனி ஆளுக்கு இல்ல, கூட்டுறவு பேர்லதான். அந்த 10 சதவீதத்தால வீடு கட்டி முடிஞ்சிடாதுதான். ஆனா அதைச் சேர்க்குற ரெண்டு மூணு வருஷத்துல யார் தலைவர் ஆகத் தகுதி, யார் வாய்ச்சொல் வீரர், யார் வீட்டுல கஷ்டம் வந்தா மத்தவங்க தாங்கணும் எல்லாம் வெளிய வந்துடும்.

குழு எவ்ளோ பெருசு? என் கணக்குல 20ல இருந்து 40 குடும்பம். அதுக்கு மேல போனா ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, தெரியாதவன் பாக்கி வச்சா யாருக்கும் உறுத்தாது. 150 குடும்பம் இருக்குன்னா அஞ்சு குழுவா பிரிச்சு மேல ஒரு பொதுக்குழு வச்சுக்கோங்க.

அடுத்தது கணக்கெடுப்பு. இதை வெளியாள் வச்சு எடுக்காதீங்க, குழு ஆளுங்களே எடுக்கட்டும். வருமானம் எவ்ளோன்னு நேரடியா கேட்டா யாரும் சரியா சொல்ல மாட்டாங்க, உதவி கிடைக்கும்னு நெனச்சா கம்மியா சொல்வாங்க, கடன் கிடைக்கும்னு நெனச்சா கூட்டிச் சொல்வாங்க. அதனால செலவைக் கேளுங்க. இப்ப வாடகை எவ்ளோ, வேலைக்குப் போய் வர எவ்ளோ, தண்ணிக்கு எவ்ளோ, கரண்டுக்கு எவ்ளோ, வட்டி எவ்ளோ கட்டறீங்க. இதுல இருந்து ஒரு குடும்பம் மாசம் எவ்ளோ தாங்கும்னு தெரிஞ்சிடும். பொதுவா வருமானத்துல 30 சதவீதத்துக்குள்ள வீட்டுச் செலவு அடங்கணும்னு சொல்வாங்க, மாசச் சம்பளக்காரங்களுக்கு அது ஓகே. தினக்கூலி, தெருவோர வியாபாரம், சீசன் வேலைன்னா வருஷ சராசரியைப் பாக்காதீங்க, வருஷத்துலயே மோசமான மாசத்தைப் பாருங்க, அந்த மாசத்துல தவணை கட்ட முடியுதான்னு பாருங்க. சராசரியில தாங்குற தவணை மோசமான மாசத்துல முறிஞ்சிடும், ஒரு தடவை முறிஞ்சா வட்டிக்கு வாங்கித் தவணை கட்ட ஆரம்பிப்பாங்க, அதோட அந்தக் குடும்பம் வீட்டை விக்கற பாதைல போயிடுச்சுன்னு அர்த்தம்.

கூட்டாளி யாரு, யார் எதைத் தூக்கறது

கூட்டாளின்னா யார் யாருன்னா: நிலம் வச்சிருக்கிறவங்க, அது ஒரு மத அமைப்பா இருக்கலாம், கூட்டுறவா இருக்கலாம், உள்ளாட்சியா இருக்கலாம், மனசு இருக்கிற ஒரு குடும்பமா கூட இருக்கலாம். அப்புறம் ரோடு, தண்ணி, சாக்கடை, அனுமதி இதெல்லாம் கையில வச்சிருக்கிற உள்ளாட்சி. கடன் குடுக்கிற பேங்க் இல்ல கூட்டுறவு சங்கம். படம் போட, எஸ்டிமேட் போட, மேற்பார்வை பாக்க ஒரு தொண்டு நிறுவனம் இல்ல இன்ஜினியருங்க. கடைசியா, இல்ல முதல்ல, அங்க வாழப்போற குடும்பங்க.

எல்லாரும் எல்லாத்தையும் சேர்ந்து செய்வோம்னு ஆரம்பிச்சா ஒண்ணும் நடக்காது. யாரால எது முடியுமோ அதை மட்டும் அவங்ககிட்ட குடுக்கணும். இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் பாகிஸ்தான்ல கராச்சி நகரத்துல இருக்கிற ஓரங்கி குடிசைப் பகுதி. 1980-ல அக்தர் ஹமீது கான்ங்கற சமூக சேவகர் அங்க ஆரம்பிச்ச வேலைல, சாக்கடைப் பிரச்சனைய ரெண்டா வெட்டினாங்க. வீட்டுக்குள்ள கக்கூஸ், வீட்டுல இருந்து சந்துக்கு வர்ற குழாய், சந்துக்குள்ள ஓடுற சாக்கடை, இதெல்லாம் மக்களே காசு போட்டு மக்களே போட்டுக்கிட்டாங்க, பெரிய சாக்கடையும் சுத்திகரிப்பும் அரசாங்கத்தோட வேலை. உள்ள நாங்க, வெளிய நீங்க. ஒவ்வொரு சந்தும், இருபது முப்பது வீடு இருக்கும், தனக்கு ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்துக் காசு வசூலிச்சு வேலைய முடிச்சாங்க. உங்க திட்டத்துலயும் இந்த மாதிரி ஒரு கோடு போடுங்க. இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க பொறுப்பு, அந்தப் பக்கம் உங்க பொறுப்பு.

போட்ட கோட்டை பேப்பர்ல எழுதுங்க. இதை அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நான் இருந்த ஒரு குழுவுல, ஒரு அமைப்பு நிலம் தர்றோம்னு வாய்வார்த்தையா சொன்னாங்க, பெரிய மனுஷன், நல்ல மனுஷன், பொய் சொல்ற ஆளும் இல்ல. நாங்க நம்பி மண் பரிசோதனை, படம், எல்லாத்துக்கும் சேமிப்புல இருந்து செலவு பண்ணோம். எட்டு மாசம் கழிச்சு நிர்வாகம் மாறிச்சு, புதுசா வந்தவங்க "அப்படி ஒரு தீர்மானமே எங்க மினிட்ஸ்ல இல்லையே"ன்னாங்க. உண்மைதான், இல்ல. யாரைக் குத்தம் சொல்ல முடியும், எழுதி வாங்காத எங்களைத்தான். அன்னைல இருந்து, தீர்மான நகல் கைக்கு வராம ஒரு காசு கூட வெளிய விடறதில்லன்னு வச்சிருக்கோம்.

அந்த ஒப்பந்தத்துல நல்ல வார்த்தை பக்கம் பக்கமா வேணாம். நாலு கேள்விக்கு பதில் இருந்தா போதும். எஸ்டிமேட்டைத் தாண்டிச் செலவு போனா அந்தக் கூடுதலை யார் தாங்கறது? வேலை தாமதமானா அந்த மாசங்களுக்கு வட்டி யார் கட்டறது? ஒரு கூட்டாளி நடுவுல விலகினா அவங்க போட்டது என்ன ஆகும்? சண்டை வந்தா யார்கிட்ட போறது? இந்த நாலுக்கும் பதில் எழுதும்போதே யார் உண்மையான கூட்டாளி, யார் பேனர்ல பேர் வர வந்தவர்னு தெரிஞ்சிடும்.

அரசாங்கம் எழுதிக் குடுத்தாலும் அது நிரந்தரம்னு நெனைக்காதீங்க. போர்ட்டோ ரிக்கோல சான் ஹுவான் நகரத்துக்கு நடுவுல கான்யோ மார்ட்டின் பென்யான்னு ஒரு ஓடை, அதைச் சுத்தி இருக்கிற குடியிருப்புகளுக்கு 2004-ல சட்டம் போட்டு நிலத்தை சமூக நில அறக்கட்டளைக்குக் குடுத்தாங்க (அது என்னன்னு அடுத்து சொல்றேன்). 2009-ல இன்னொரு சட்டம் போட்டு நிலத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. மக்கள் விடாம போராடி 2013-ல திரும்ப வாங்கினாங்க. அவங்களால ஏன் முடிஞ்சுதுன்னா அறக்கட்டளை வர்றதுக்கு முன்னாடியே பல வருஷமா தெருத்தெருவா கூட்டம் போட்டுப் பழகின ஜனம் அது. மறுபடி முதல் பாயிண்ட்டுக்கே வந்துட்டேன் பாருங்க, ஆளு மொதல்ல.

நிலம் யார் பேர்ல

இதான் இந்தக் கட்டுரையோட நடு முதுகெலும்பு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

வீட்டு விலைல ரெண்டு பங்கு இருக்கு, கட்டடம், மனை. கட்டடம் வருஷா வருஷம் தேயும். மனை விலை ஏறிக்கிட்டே போகும், அது ஏறுறதுக்கு வீட்டுக்காரர் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டார், பக்கத்துல ரோடு வந்திருக்கும், பஸ் வந்திருக்கும், ஸ்கூல் வந்திருக்கும், அதாவது ஊரே சேர்ந்து ஏத்தின விலை. அப்ப ஊர் ஏத்தின விலை ஊர்கிட்டயே இருக்கட்டும், கட்டடம் மட்டும் குடும்பத்துக்குச் சொந்தமா இருக்கட்டும், இதுதான் சமூக நில அறக்கட்டளைங்கிற யோசனை. நிலம் அறக்கட்டளை பேர்ல, என்னைக்கும் விக்க முடியாது. குடும்பத்துக்கு நீண்ட குத்தகை, பெரும்பாலும் 99 வருஷம், வாரிசுக்குப் போகும். மேல இருக்கிற வீடு குடும்பத்தோடது.

இந்த யோசனைக்கு வேர் நம்ம பக்கத்துலயும் இருக்கு, நிலம் இருக்கிறவங்க இல்லாதவங்களுக்குத் தானமா குடுக்கச் சொல்லி 1951-ல வினோபா பாவே ஆரம்பிச்ச பூதானமும், ஒரு ஊரோட நிலத்தை ஊருக்கே பொதுவாக்கின கிராமதானமும் அமெரிக்காவுல இதைத் தொடங்கினவங்களுக்கு முன்மாதிரியா இருந்துச்சு. அங்க ஜார்ஜியா மாநிலத்துல 1969-ல கருப்பின விவசாயக் குடும்பங்க சேர்ந்து நியூ கம்யூனிட்டீஸ்னு ஆரம்பிச்சாங்க, சுமார் 5,700 ஏக்கர். ஆனா வறட்சி வந்தப்ப வேண்டிய கடன் உதவி நேரத்துக்குக் கிடைக்கல, இருந்த கடன் கழுத்தை நெரிச்சு 1985-ல மொத்த நிலமும் கைய விட்டுப் போச்சு. இந்தக் கதைய நான் சொல்றது பயமுறுத்த இல்ல. நிலத்தை அடமானம் வச்சுக் கடன் வாங்காதீங்கன்னு சொல்றதுக்குத்தான். அடமானம் வச்சே ஆகணும்னா கட்டடத்தையும் குத்தகை உரிமையையும் மட்டும் வைங்க, நிலம் அதுக்கு வெளிய இருக்கணும். பேங்க் மொதல்ல மூக்கைச் சுளிக்கும். தவணை தவறினா அறக்கட்டளைக்குத் தகவல் வரும், வீட்டை ஏலம் விடறதுக்கு முன்னாடி பாக்கிய அடைச்சு அறக்கட்டளையே எடுத்துக்க முதல் உரிமைன்னு எழுதிக் குடுத்தா இறங்கி வர்ற பேங்க் இருக்கு.

சரி, குடும்பம் வீட்டை விக்கணும்னா? இங்கதான் மறுவிற்பனைக் கணக்கு வருது. அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல பர்லிங்டன் ஊர்ல 1984-ல ஆரம்பிச்ச அறக்கட்டளை, இப்ப சாம்ப்ளெய்ன் ஹவுசிங் டிரஸ்ட்னு பேரு, ஏறின மதிப்புல 25 சதவீதம் விக்கறவங்களுக்குன்னு வச்சாங்க. கணக்கு எப்படி ஓடும்னு ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். ஒரு குடும்பம் 60க்கு வீடு வாங்குது, நிலத்துக்குக் காசு குடுக்கல. பத்து வருஷம் கழிச்சு மதிப்பீட்டாளர் வந்து பாக்கறார், வீட்டு மதிப்பு 100ங்கறார். ஏறினது 40. அதுல கால்வாசி 10. அப்ப அந்தக் குடும்பத்துக்கு 70 கிடைக்கும், இடையில அவங்க அனுமதியோட ஒரு ரூம் கட்டியிருந்தா அதுக்கான மதிப்பு தனியா. அடுத்த குடும்பம் 100 குடுக்க வேணாம், நிலத்துக்கும் குடுக்க வேணாம், 70 குடுத்தா போதும். அதாவது ஒரு தடவை கிடைச்ச நிலம், ஒரு தடவை வந்த மானியம், அடுத்தடுத்த குடும்பத்துக்கும் வேலை செய்யுது.

"ஏழைக்கு மட்டும் லாபம் கிடைக்கக் கூடாதா, பணக்காரன் வித்தா முழுசா எடுத்துக்கறானே"ன்னு கேப்பாங்க. கேக்கணும், நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். அந்தக் குடும்பம் வாங்கினது சந்தை விலைல இல்ல, ஊர் குடுத்த விலைல. வாடகைல இருந்திருந்தா பத்து வருஷத்துல கைல ஒண்ணும் இருக்காது, இங்க போட்ட காசும் கட்டின தவணையும் ஏறினதுல ஒரு பங்கும் திரும்ப வருது. இது பிடிக்கலன்னா கால்வாசிய மூணுல ஒண்ணாக்கிக்கோங்க, இல்ல விலைவாசி ஏத்தத்தோட கட்டி வைங்க, ஃபார்முலா உங்க இஷ்டம். ஆனா வீடு ஒதுக்கறதுக்கு முன்னாடி, யாருக்கு எந்த வீடுன்னு தெரியறதுக்கு முன்னாடி, முழுக் குழு உக்காந்து முடிவு பண்ணணும். சாவி கைக்கு வந்தப்பறம் இதைப் பேசினா அது பேச்சுவார்த்தையா இருக்காது, ரகளையாத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். 2008 வீட்டுக்கடன் சரிவுக்கு அப்புறம் அமெரிக்காவுல எடுத்த கணக்குல, 2010 கடைசில பொதுச் சந்தைல 4.63 சதவீத வீட்டுக்கடன் தவணை கட்டாம ஏல நடவடிக்கைல இருந்துச்சு, நில அறக்கட்டளை வீடுகள்ல 0.46 சதவீதம்தான். விலை கம்மியா இருந்தது ஒரு காரணம், தவணை தடுமாறினா வீட்டுக்கே வந்து பேசற ஆள் இருந்தது இன்னொரு காரணம்.

அறக்கட்டளையோட நிர்வாகக் குழுவுல மூணுல ஒரு பங்கு அங்க குடியிருக்கிறவங்க, ஒரு பங்கு சுத்துவட்டார மக்கள், ஒரு பங்கு உள்ளாட்சி, சட்டம், கணக்கு தெரிஞ்ச பொதுவான ஆளுங்க, இது பழகிப்போன அமைப்பு. குடியிருக்கிறவங்க மட்டும் இருந்தா ஒருநாள் எல்லாரும் சேர்ந்து "வித்துடலாம்"னு கை தூக்கிடுவாங்க. வெளியாளுங்க மட்டும் இருந்தா பைப் ஒழுகறது யாருக்கும் தெரியாது.

அறக்கட்டளை சரிப்படலன்னா வேற வழியும் இருக்கு. உருகுவேல 1968 வீட்டுவசதிச் சட்டத்துக்கு அப்புறம் வளந்த கூட்டுறவுல வீடு மொத்தமும் கூட்டுறவுக்குச் சொந்தம், குடும்பத்துக்குப் பயன்படுத்துற உரிமை, வாரிசுக்கும் போகும். ஜெர்மனில மீட்ஸ்ஹாய்ஸர் சிண்டிகாட்னு ஒண்ணு, ரொம்ப புத்திசாலித்தனமான ஏற்பாடு, ஒவ்வொரு கட்டடமும் ஒரு சின்ன கம்பெனி பேர்ல இருக்கும், அதுக்கு ரெண்டே பங்குதாரர், குடியிருக்கிறவங்க சங்கம் ஒண்ணு, சிண்டிகாட் ஒண்ணு, விக்கணும்னா ரெண்டு பேரும் ஒத்துக்கணும். ஒருத்தர் மாட்டேன்னா விக்க முடியாது. பூட்டுக்கு ரெண்டு சாவி. உங்க நாட்டுச் சட்டத்துல எது நிக்கும்னு ஒரு நல்ல சொத்து வக்கீலைக் கேட்டு முடிவு பண்ணுங்க, அந்த ஃபீஸ்ல கஞ்சத்தனம் வேணாம்.

எந்த மனை

சும்மா கிடைக்குதேன்னு ஊருக்கு வெளிய இருபது கிலோமீட்டர்ல இருக்கிற பொட்டல்ல போய் விழாதீங்க. சிலி நாட்டுல இக்கிக்கே ஊர்ல கின்டா மன்ராய்னு ஒரு திட்டம், 2004-ல முடிஞ்சது, கட்டடக்கலைஞர் அலெஹாண்ட்ரோ அரவேனாவோட எலமென்ட்டல் குழு செஞ்சது, 93 வீடு. அந்தக் குடும்பங்க ஏற்கெனவே வாழ்ந்த, ஊருக்கு நடுவுல இருந்த அதே இடத்துலயே கட்டணும், ஆனா அங்க மனை விலை வழக்கமா இந்த மாதிரி திட்டத்துக்குக் குடுக்கறதை விட மூணு மடங்கு. காசு மனைக்கே போயிடுது. என்ன பண்ணாங்கன்னா, பாதி வீடு கட்டினாங்க. குடும்பத்தால தானா செய்ய முடியாத பாதிய, அதாவது அஸ்திவாரம், சமையக்கட்டு, பாத்ரூம், மாடிப்படி, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல வர்ற செவுரு, இதைக் கட்டிக் குடுத்துட்டு, பக்கத்துலயே மீதிப் பாதிக்கு இடம் விட்டுட்டாங்க, காசு வர வர குடும்பமே அதை மூடிக்கிட்டாங்க. வேலை பக்கத்துல, ஸ்கூல் பக்கத்துல. தூரத்துல முழு வீடா, பக்கத்துல பாதி வீடாங்கற கேள்விக்கு என் ஓட்டு எப்பவும் பாதி வீட்டுக்குத்தான்.

மனையப் பாக்கப் போகும்போது மழைக்காலத்துல ஒரு தடவை போங்க. அந்தப் பக்கம் ரொம்ப நாளா இருக்கிற பெருசுங்க ரெண்டு பேரைப் பிடிச்சு "தண்ணி எதுவரைக்கும் ஏறும்"னு கேளுங்க, முட்டியக் காட்டுவாங்க, இடுப்பைக் காட்டுவாங்க. பழைய பத்திரத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் சங்கிலி அறுபடாம வருதா, வில்லங்கம் இருக்கா, வழி பத்திரத்துல இருக்கா இல்ல பக்கத்துக்காரர் தயவுல இருக்கா பாருங்க. அப்புறம் யாரும் பாக்காத ஒண்ணு, பொதுச் சாக்கடை உங்க மனைய விட மேல இருக்கா கீழ இருக்கா. மேல இருந்தா காலம் பூரா மோட்டார் வச்சுத் தள்ளணும், அந்தக் கரண்டு பில்லு யார் கட்டறதுன்னு ஒரு சண்டை.

காசு

கட்டுறதுக்குக் காசு கிடைச்சிடும், கட்டுறதுக்கு முன்னாடி ஆகுற செலவுக்குத்தான் ஒருத்தரும் தர மாட்டாங்க. சர்வே, மண் பரிசோதனை, படம், வக்கீல், அனுமதிக் கட்டணம். திட்டம் நின்னு போனா திரும்பி வராத காசு இது, அதனால கடனா வாங்காதீங்க, நன்கொடையா வாங்குங்க, இல்ல திட்டம் நடந்தா மட்டும் திருப்பித் தர்ற மாதிரி எழுதி வாங்குங்க.

மீதிக்கு, பல இடத்துல இருந்து வர்றதை ஒண்ணா அடுக்கணும். நிலம் குத்தகையா வர்றதுல ஒரு பெரிய சுமை போயிடும். அரசு மானியம் இருந்தா அது. உறுப்பினர் சேமிப்பு. உடல் உழைப்பு. மிச்சம்தான் கடன். கடன் எவ்ளோ வேணும்ங்கறதுல இருந்து தவணைய கணக்குப் போடாதீங்க, தாங்குற தவணைல இருந்து கடனைப் போடுங்க, இடையில இடைவெளி வந்தா வீட்டைச் சின்னதாக்குங்க இல்ல மானியம் தேடுங்க. எதிர்பாராததுக்குன்னு பத்து சதவீதம் ஒதுக்கி வைங்க, அதை யாரும் தொடக்கூடாது, டைல்ஸ் நல்லதா போடலாம்னு ஒருத்தர் கேப்பார், அவருக்கும் குடுக்கக்கூடாது. எல்லாக் காசுக்கும் உத்தரவு கைல வராம அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டாதீங்க. பாதியில நிக்கற கட்டடத்துக்கு ஒவ்வொரு மாசமும் வட்டி ஓடும், கம்பி துருப்பிடிக்கும், குழுவும் துருப்பிடிக்கும்.

படம் போடறது

பேப்பர்ல இருக்கிற படம் பாதிப் பேருக்குப் புரியாது, ஆனா புரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு தலைய ஆட்டிடுவாங்க. அதனால ஒரு காலி இடத்துல சுண்ணாம்புப் பொடி எடுத்துட்டுப் போய் வீட்டை முழு அளவுல தரையில கோடு போடுங்க. கட்டில் அளவுக்கு ஒரு பாய விரிங்க, அடுப்புக்கு ஒரு கல்லு, கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னு ஒரு குச்சி. இப்ப ஆளுங்களை உள்ள நடக்க விடுங்க. ஒரு தடவை இப்படிச் செஞ்சப்ப ஒரு பாட்டி நேரா கோட்டுக்குள்ள வந்து நின்னு, சுத்திப் பாத்துட்டு, "அடுப்பு முன்னாடி நான் உக்காந்தா இவன் எப்படி கக்கூசுக்குப் போவான், என்னைத் தாண்டியா?"ன்னு கேட்டாங்க. இன்ஜினியர் மூணு தடவை திருத்தின படம் அது. அன்னைக்கே கதவை மாத்தினோம். மும்பைல நடைபாதைல வாழ்ந்த பொண்ணுங்க 1986-ல ஆரம்பிச்ச மஹிளா மிலன்ங்கற அமைப்பும் இப்படித்தான் முழு அளவு மாதிரி வீடு செஞ்சு, ஊரைக் கூப்பிட்டு உள்ள நடக்க விட்டு, எவ்ளோ உயரம் எவ்ளோ அகலம்னு தாங்களே முடிவு பண்ணாங்க.

செலவு குறைக்கிறதுக்கு லாரி பேக்கர்ங்கற கட்டடக்கலைஞர் கேரளாவுல பரப்பின எலிப்பொறிக் கட்டு நல்ல வழி, செங்கல்லைப் படுக்க வைக்காம நிமித்தி வச்சு நடுவுல காத்து இடைவெளி விட்டுக் கட்டறது, செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம், உள்ள சூடும் குறையும். ஆனா அதைக் கட்டத் தெரிஞ்ச கொத்தனார் இருக்காரான்னு மொதல்ல பாருங்க, தெரியாதவர் கைல குடுத்தா மிச்சமான செங்கல் காசு கூலியில போயிடும். அதை விட சுலபமான மிச்சம் எதுன்னா கதவு ஜன்னல் எல்லாம் ஒரே அளவு, குழாய் ஓடுற செவுரு ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணு.

கட்டும்போது

குடும்பங்க உழைப்பைப் போடலாம், உருகுவே கூட்டுறவுல ஒரு குடும்பத்துக்கு வாரம் 21 மணி நேரம், வீட்டு மதிப்புல 15 சதவீதம் வரைக்கும் அதுலயே ஈடுகட்டுறாங்க. அதுல ஒரு நல்ல விதி, யாருக்கு எந்த வீடுன்னு தெரியாமலே எல்லாரும் எல்லா வீட்டுலயும் வேலை செய்வாங்க, தெரிஞ்சா அவனவன் தன் செவுத்தை மட்டும் நல்லா பூசுவான். ஆனா எல்லா வேலையும் குடும்பங்ககிட்ட குடுக்காதீங்க. மண் அள்றது, கியூரிங்குக்குத் தண்ணி ஊத்தறது, பெயின்ட், காவல், ஸ்டோர் கணக்கு, சமையல், குழந்தைங்களைப் பாத்துக்கறது இதெல்லாம் ஓகே. கம்பி கட்டறது, சென்ட்ரிங், கான்கிரீட், கரண்டு வேலை இதுக்குக் கூலி குடுத்து கைத்தேர்ந்த ஆளைப் போடுங்க. அப்புறம் 21 மணி நேரம்னா நாள் பூரா வேலைக்குப் போற ஒத்தைப் பொம்பளையால முடியாது, அவங்க கணக்கெழுதறதை, பிள்ளைங்களைப் பாத்துக்கறதை அதே மணி நேரமா கணக்குல எடுங்க, இல்லன்னா ரொம்ப தேவைப்படறவங்க மொதல்ல வெளிய போயிடுவாங்க.

இலங்கைல 1984-ல ஆரம்பிச்ச பத்து லட்சம் வீடு திட்டத்துல சமூக ஒப்பந்தம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, வடிகால், பொதுக் கிணறு மாதிரி சின்ன வேலைய வெளி காண்ட்ராக்டருக்குக் குடுக்காம அந்த ஊர் மக்கள் சங்கத்துக்கே ஒப்பந்தமா குடுக்கறது. லாபம் ஊருக்குள்ளயே தங்கும், வேலை கத்துக்குவாங்க, பின்னாடி ரிப்பேரும் அவங்களே பாப்பாங்க. பெரிய கட்டடத்துக்கு காண்ட்ராக்டர் வேணும்தான், ஆனா பொது வேலைகளை இப்படிப் பிரிச்சுக் குடுக்கப் பாருங்க.

காண்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கம்மியா, முடிச்ச வேலைக்கு அளந்து பணம், ஒவ்வொரு பில்லுலயும் அஞ்சு இல்ல பத்து சதவீதம் பிடிச்சு வைக்கறதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதுங்க. அளக்கும்போது குழுவுல இருந்து ரெண்டு பேர் கூட இருக்கணும், டேப்போட ஒரு முனைய அவங்க பிடிக்கணும். ஸ்டோர் கதவுக்கு ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி, ரெண்டு வேற ஆளுங்ககிட்ட.

யாருக்கு எந்த வீடு

தகுதி என்னன்னு ஆரம்பத்துலயே எழுதி செவுத்துல ஒட்டுங்க. வயசானவங்க, நடக்க முடியாதவங்க தரைத்தளம். மத்தவங்களுக்குக் குலுக்கல், எல்லார் முன்னாடியும், சீட்டை ஒரு குழந்தைய விட்டு எடுக்கச் சொல்லுங்க. தலைவருக்கும் அதே சீட்டுதான். இங்க ஒரே ஒரு விதிவிலக்கு குடுத்தாலும் அடுத்த பத்து வருஷத்துக்கு அதைப் பத்திதான் பேச்சு.

அப்புறம் பராமரிப்பு

அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ப்ரூயிட் ஐகோன்னு 33 கட்டடம், ஒவ்வொண்ணும் 11 மாடி, 1950கள்ல கட்டினாங்க. பராமரிப்புச் செலவு குடியிருக்கிறவங்க வாடகைல இருந்தே வரணும்னு வச்சாங்க. வீடு காலியாக ஆக வாடகை குறைஞ்சது, வாடகை குறைய லிஃப்ட் நின்னது, லிஃப்ட் நிக்க இன்னும் காலியாச்சு. 1972-லயே இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அங்க வேற பிரச்சனையும் நிறைய இருந்துச்சு, ஆனா இந்தச் சுழல் எந்தக் குடியிருப்புலயும் வரும். அதனால முதல் மாசத்துல இருந்தே பராமரிப்பு நிதின்னு தனி அக்கவுண்ட், குடும்பங்க அறக்கட்டளைக்குக் கட்டுற நிலக் குத்தகைக் காசுல ஒரு பங்கு அதுக்குப் போகணும். மொட்டைமாடித் தளம், மோட்டார், செப்டிக் டேங்க், வெளிப் பெயின்ட், ஒவ்வொண்ணும் எத்தனை வருஷத்துல மாத்தணும், அப்ப எவ்ளோ ஆகும்னு எழுதி, அதை மாசத்தால வகுத்து, வீட்டு எண்ணிக்கையால வகுத்தா மாசம் ஒரு வீடு எவ்ளோ போடணும்னு வந்துடும். வர்ற தொகை பாத்து எல்லாரும் அதிர்ச்சி ஆவாங்க, பரவால்ல, அதையும் தாங்குற தவணைக்குள்ளதான் அடக்கணும்.

காண்ட்ராக்டர் கிட்ட பிடிச்சு வச்ச காசு இருக்குல்ல, அதை சாவி வாங்கின அன்னைக்கு விட்டுடாதீங்க. ஒரு பெரிய மழை வரட்டும். மழை விட்ட மறுநாள் காலைல குழுவுல நாலு பேர் ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு வீடு வீடா போங்க, சீலிங் மூலை, ஜன்னலுக்குக் கீழ, பாத்ரூமுக்குப் பின் செவுரு, கையால தொட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா வீட்டு நம்பர் போட்டு எழுதி போட்டோ எடுத்து அந்த லிஸ்ட்டை காண்ட்ராக்டருக்குக் குடுங்க. எல்லாத்தையும் சரி பண்ணி, அடுத்த மழைக்கும் காஞ்சு இருந்துச்சுன்னா அப்ப செக்கை எழுதுங்க.